காட்டேரிக் காதற் கதைகளில் நகைச்சுவை

ஆங்கில மொழியில், சிறப்பாக அமெரிக்க நாட்டில், 1995-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிப் பின்னர்ப் பெருகி வளர்ந்த புதினவகை ஒன்று உண்டு. இறந்தும் இறவாது, பிறர் குருதி பருகி வாழும் பேய் ஒன்று அதன்கண் தலைவனாகவோ தலைவியாகவோ வரும். அதனொடு மானிடர் ஒருவர் காதல் கொள்வர். அக்காதல் நகைச்சுவை ததும்பச் சொல்லப்படும். அச்சத்திற்கு உரிய பொருளும் காதலுக்கு உரிய நிகழ்ச்சியும் நகைக்கு உரிய நடையும் ஒருங்கு கூடுதல் அரிது என்றே யாரும் கருதுவர். ஆயினும் இவை கூடியவிடத்துப் படிப்போர் திரள்கின்றனர். ஒரு நூல் பல தொகுதிகளாக நீள்கின்றது. இக்கவர்ச்சியின் இயல்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாய்வு இதழில் இப்பொருள் இடம்பெறுதல் கண்டு முகஞ்சுளிப்பார் உளராகலாம். ஒப்பிலக்கியத் தாளுக்கு இதனையே தலைப்பாக வேண்டி முதுகலை மாணவி ஒருவர் வந்தபொழுது யானும் முதற்கண் சுளித்தேன். அவர் என் மேசைமேல் வைத்த நூல் செய்தித்தாளால் உறையிடப்பட்டிருந்தது. அட்டைப்படத்தை விடுதியிலும் வீட்டிலும் பிறர் காணாதிருத்தற்பொருட்டே அவ்வுறை. சங்க நூற்பதிப்புகளுக்கு அவர் உறையிடுவதில்லை. விரும்பிப் படிப்பதையே மறைத்துப் படிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்னும் வினா நூலின் தரம்பற்றிய வினாவினும் முற்பட எழுந்தது. அதனாலேயே நூலைத் திறந்தேன்.

முதற்கண் சொல்லாராய்ச்சி சிறிது வேண்டும். 'வாம்பயர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'இரத்தக் காட்டேரி' என்பது தமிழில் பெருவழக்காகிவிட்டது. இவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று. நம் நாட்டுப்புற நம்பிக்கையில் காட்டேரி பெரும்பாலும் பெண்பாலாகவே கருதப்படும். அஞ்சப்படுவதோடு சிலவிடங்களில் வழிபடவும் படும். புதைத்த பிணம் இரவில் எழுந்து உறவினர் குருதியைப் பருகும் என்னும் கருத்து அதற்கு இன்றியமையாதது அன்று. ஐரோப்பியப் பேய்க்கோ புதைகுழியே பிறப்பிடம். இச்சொற்குழப்பம் நம்மவரால் மட்டும் நேர்ந்ததும் அன்று. விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் சொன்ன கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் ஆக்கிய ரிச்சர்டு பர்ட்டன், வேதாளத்தை 'வாம்பயர்' என்றே பெயரிட்டு நூலின் தலைப்பிலும் அமைத்தார். குருதி குடியாது, கதை சொல்லிக் கேள்வி கேட்டு அரசனை அலைக்கழிக்கும் நம் வேதாளம் அப்பெயரால் ஆங்கில நாட்டில் உலவியது. மாற்று மொழி தேடி இடர்ப்படாது, மக்கள் வழக்கில் உள்ள 'காட்டேரி' என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கின்றேன். ஐரோப்பியப் பொருளிலேயே அதனைக் கொள்க.

அப்பேய் ஐரோப்பிய ஏட்டுலகில் புகுந்த வரலாறு சுவையானது. ஆசுத்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த செர்பியச் சிற்றூர்களில், இறந்தோர் எழுந்து வந்து ஊராரைக் கொல்கின்றனர் என முறையீடு எழுந்தது. 1732-இல் படை மருத்துவர் குழிகளைத் தோண்டிப் பிணங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினர். அவ்வறிக்கை ஐரோப்பா எங்கணும் பரவியது. 'வாம்பயர்' என்னும் சொல்லும் அவ்வழியே ஆங்கிலத்தில் பரவிற்று. அறிக்கையிற் காணும் காட்டேரி அழகன் அல்லன், உயர்குடியினனும் அல்லன். உடல் வீங்கி முகம் சிவந்து கிடக்கும் உழவன் அவன். பெரும்பாலும் தன் உற்றாரையும் அண்டை வீட்டாரையுமே வருத்துவான். அவனைக் காதலிப்பார் எவரும் இலர்.

அவனைக் காதற்கு உரியவன் ஆக்கியவர் ஒரு மருத்துவர். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு மருத்துவராக இருந்த பாலிடோரி எழுதிய சிறுகதை 1819-இல் பைரன் பெயராலேயே வெளிவந்தது. அதன்கண் காட்டேரி ருத்வென் என்னும் பெருமகன் ஆயிற்று. விருந்தவைகளிற் புகுந்து மகளிர் கண்ணைக் கவரும் வெளிறிய முகத்தினன் அவன். கோத்தியே 1836-இல் பிரெஞ்சில் எழுதிய கதையில் வரும் கிளாரிமோந்து தன் காதலனாகிய குருவின் குருதியைச் சில துளிகளே எடுக்கின்றாள். அவன் உயிர்க்கு ஊறு நேர்தலை அவள் பொறாள். பசியும் பரிவும் ஒரு நெஞ்சில் மோதுவதை அவர் அன்றே கண்டுவிட்டார். 1872-இல் லெ ஃபானுவின் 'கார்மில்லா' நூல்வடிவில் வந்தது. 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. அந்நூலே பின்வந்த அனைத்திற்கும் மூலமாகக் கருதப்படுகின்றது.

டிராகுலாவில் நகைச்சுவை இல்லை என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. மலைக்கோட்டையில் தங்கும் ஆங்கில வழக்கறிஞன் ஆர்க்கர், ஏவலர் எவரையும் காணாது ஐயுறுகின்றான். பின்னர் ஒருநாள், கோமகன் டிராகுலாவே தன் விருந்தினனுக்குப் படுக்கை விரித்துச் சீர்செய்வதை மறைவிலிருந்து காண்கின்றான். உணவு மேசையை அணிசெய்பவனும் அவனே என்பது தெளிவாகின்றது. கோட்டையில் வேறு ஆளில்லை என்று ஆர்க்கர் நடுங்குகின்றான். படிப்போனுக்கும் நடுக்கம் உண்டு. ஆயினும் நூற்றாண்டுகள் வாழ்ந்த பெரும்பேய் ஒன்று விருந்தினன் வருமுன் விரைந்து தலையணை தட்டிப்போடும் காட்சியில் நகைக்கு இடமில்லை எனல் யாங்ஙனம்? ஸ்டோக்கர் அதனை வளர்க்காது விட்டார். நூறாண்டு கழித்துவந்த நகைச்சுவைப் புதினங்கள் அவ்விடத்தினின்றே தொடங்குகின்றன எனலாம். காட்டேரிக்கு வீட்டுவேலை யார் செய்வர், வாடகை யார் செலுத்துவர், பகலில் அஞ்சல்காரன் கதவைத் தட்டினால் யார் திறப்பர் என்பன அவை எழுப்பும் வினாக்கள்.

வேறோர் ஊற்றும் உண்டு. ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் ஆபி', அவர் மறைந்தபின் 1817-இன் இறுதியில் வெளிவந்தது. பேய்க்கதைகளை மிகப் படித்த இளம்பெண் ஒருத்தி பழைய மாளிகையில் இரவில் ஓர் ஏட்டுச்சுருளைக் கண்டெடுத்து அஞ்சி நடுங்குகின்றாள். விடிந்தபின் பார்த்தால் அது சலவைக் கணக்கு. ஆஸ்கர் ஒயில்டு 1887-இல் எழுதிய கான்டர்வில் பேயின் கதை இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஆங்கில மாளிகையை விலைக்கு வாங்கிய அமெரிக்கக் குடும்பத்தார், நள்ளிரவில் விலங்கொலி எழுப்பும் பேயிடம் அவ்விலங்குக்கு இடுமாறு எண்ணெய்ப் புட்டியை நீட்டுகின்றனர். அச்சுறுத்த வந்த பேயே ஈற்றில் அஞ்சி ஒளிகின்றது. பேயின் பெருமிதத்தை அன்றாடப் பண்டம் ஒன்றால் தகர்க்கும் இம்முறையை நினைவிற் கொள்க.

இனி நகையின் இயல்பு நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். காதலோடு தொடர்புடைய உவகையை இறுதிக்கண் வைத்தார். அச்சம் இடையே நிற்கின்றது. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளல் முற்பட்டது. தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என அஃது இருவகைப்படும் என்பது உரையாசிரியர் வழி வந்த விளக்கம். அச்சத்தின் நிலைக்களன்களுள் முற்பட்டது அணங்கு. எனவே காட்டேரிக் காதல் நகைப்புதினம் என்பது, அணங்கினால் வரும் அச்சத்தை எள்ளலால் வரும் நகையைக் கொண்டு எதிர்கொண்டு, உவகைக்கண் சென்று சேரும் வழி என்று நம் மொழியிற் கூறலாம். இது வெறும் பெயர்மாற்றம் அன்று. எள்ளுவார் யார், எள்ளப்படுவார் யார் என நோக்கின் நூலின் உள்ளீடு புலனாகும்.

சார்லேன் ஹாரிஸ் 2001-இல் வெளியிட்ட 'டெட் அன்டில் டார்க்' என்னும் புதினத்தை முதற்சான்றாகக் கொள்வோம். லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மதுக்கடையிற் பரிமாறும் பெண் சூக்கி. சப்பானியர் செயற்கைக் குருதி ஆக்கிவிட்டமையால், காட்டேரிகள் மறைவு நீங்கிச் சட்டத்திற்கு உட்பட்ட குடிகளாக வெளிவந்துவிட்டன என்பது கதையின் அடித்தளம். ஒருநாள் மாலை ஒரு காட்டேரி அக்கடைக்கு வருகின்றது. பெயர் என்ன என்று சூக்கி கேட்கின்றாள். 'பில்' என்கின்றான். அவள் சிரித்துவிடுகின்றாள். அயல்நாட்டு உயர்குடிப் பெயராக இருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்குத் தெருவிற்கு நால்வர் தாங்கும் பெயர் ஒன்று கிடைத்தது. அந்நகையில் 1819 தொட்டு வந்த பெருமகன் வேடம் கலைந்து விழுகின்றது. செர்பியச் சிற்றூர் உழவன், இருநூறு ஆண்டு பெருமகனாக உலவியபின், மீண்டும் பக்கத்து வீட்டுக்காரன் ஆகின்றான்.

அடுத்து நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. காட்டேரியின் குருதியைத் திருடி விற்கும் கணவனும் மனைவியும் பில்லைப் பிணித்துவைத்துக் குருதி வடிக்கின்றனர். அவனை மீட்பவள் சூக்கி, ஒரு சங்கிலியைக் கையாயுதமாகக் கொண்டு. பேயிடமிருந்து பெண்ணை மீட்பது பழைய கதை. பேயைப் பெண் மீட்பது இக்கதை. காதல் ஏன் பிறந்தது என்பதற்கு ஹாரிஸ் காட்டும் காரணமும் புதியது. சூக்கி பிறர் உள்ளத்து எண்ணங்களைக் கேட்கும் ஆற்றலுடையவள். உடன் அமர்ந்து உண்ணும் ஆடவன் உள்ளத்துள் ஓடும் இழிநினைவும் பொய்ம்மையும் அவள் செவிக்கு எட்டிவிடுதலின், எவரொடும் அவளால் காதல் கொள்ள இயலவில்லை. காட்டேரியின் உள்ளமோ அவளுக்குக் கேட்பதில்லை. அவன் அருகிருந்தால் அமைதி. அவன் அழகும் செல்வமும் அதற்குப் பின்னரே. பிறர் பார்வையும் பிறர் கருத்தும் ஓயாது தன்மேல் விழுதலால் களைத்த பெண்ணுக்கு, ஓசையற்ற உள்ளம் ஒன்றே இன்பமாகத் தோன்றும் என்பதை ஆசிரியர் நன்கு உணர்ந்துள்ளார். செய்தித்தாள் உறைக்குள் ஒளிந்திருந்தது இவ்வுணர்வுதான் போலும்.

பில்லின் பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும். மின்தொழிலாளர் பகலில் மட்டுமே கிடைப்பர். அவனோ இரவில் மட்டுமே விழித்திருப்பான். ஆதலின் தொலைபேசியில் அவர்களைப் பிடித்துத் தரும் பொறுப்பைச் சூக்கி ஏற்கின்றாள். அவளுடைய பாட்டிக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் ஈடுபாடு மிகுதி. அப்போரில் நேரே பொருத வீரன் ஒருவன் வந்து தம் சங்கத்தில் சொற்பொழிவாற்றக் கிடைத்தானே என்று அம்மூதாட்டி மகிழ்கின்றார். பேரக்குழந்தையைக் காட்டேரி விரும்புகின்றது என்னும் கவலை அவ்வுவகையிற் கரைந்துவிடுகின்றது. இங்ஙனம் நம்மை நகைக்கவைத்த பாட்டியே அந்நூலுள் கொலையுண்டு இறக்கின்றார் என்பதை மறத்தல் ஆகாது. ஹாரிஸின் நகை துயரைத் துடைத்து எறிவதன்று. நகைத்த வாய் மூடுமுன் அழுகை வந்துவிடுகின்றது.

மேரிஜானிஸ் டேவிட்சன் 2004-இல் எழுதிய நூலின் பெயரை 'இறவாதவள், மணவாதவள்' எனப் பெயர்க்கலாம். மினசோட்டா மாநிலத்துச் செயலர் பெட்சி, முப்பதாம் பிறந்தநாளன்று வேலையை இழக்கின்றாள், அன்றே ஊர்தி மோதி இறக்கின்றாள், பிணவறையில் எழுகின்றாள். எழுந்தவுடன் அவளை வருத்துவது தான் இறந்தமை அன்று. தனக்கு அணிவித்திருந்த மலிவான காலணியே. தன்னுடைய விலையுயர்ந்த காலணிகள் மாற்றாந்தாய் கைக்குப் போய்விட்டன என்று சினந்து, அவற்றை மீட்கப் புறப்படுகின்றாள். சிலுவையும் திருநீரும் அவளைத் தீண்டுவதில்லை. காட்டேரிகளின் அரசி என்று பிறர் அவளைக் கூற, அவளோ அப்பட்டத்தை ஒரு தொல்லையாகக் கருதுகின்றாள். பழைய முறையில் உடையுடுத்தும் உரையாடியும் அச்சுறுத்தும் காட்டேரித் தலைவன் அவள் கண்ணுக்கு நாடக மேடையினின்று தவறி இறங்கியவனாகவே தோன்றுகின்றான். பிரெஞ்சு அறிஞர் பெர்க்சன் 1900-இல் நகைபற்றி எழுதிய நூலில், உயிருள்ளதன்மேல் பொறித்தன்மை படியுமிடத்து நகை பிறக்கும் என்றார். பழைய காட்டேரியின் மேலாடையும் உரத்த சிரிப்பும் அத்தகைய பொறியாட்டங்களே.

மாலி ஹார்ப்பர் 2009-இல் எழுதிய புதினத்தின் தலைவி ஜேன், கென்டகி மாநிலத்தில் சிறுவர் பகுதி நூலகர். அவளும் வேலையை இழக்கின்றாள். ஈட்டுத்தொகையாக உணவுவிடுதிப் பரிசுச் சீட்டொன்றைப் பெறுகின்றாள். அதனைக் குடித்தே தீர்க்கின்றாள். வீடு திரும்பும் வழியில் குடிவெறியிலிருந்த வேட்டைக்காரன் அவளை மான் எனக் கருதிச் சுட்டுவிடுகின்றான். அவளைக் காக்கவேண்டி ஒருவன் காட்டேரியாக்குகின்றான். பின்னர் அவள் எதிர்நோக்கும் பெருஞ்சிக்கல், இதனைத் தாய்தந்தையர்க்கு எங்ஙனம் எடுத்துரைப்பது என்பதே.

பெட்சி, ஜேன் இருவரும் உயிரிழக்குமுன் வேலையிழந்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. தொல்காப்பியர் அழுகைக்கு உரைத்த நிலைக்களன்களுள் இழவும் வறுமையும் உள. இப்புதினங்கள் அழுகைக்கு உரிய அந்நிலைக்களன்களையே எடுத்துக்கொண்டு அவற்றின்மேல் நகையை எழுப்புகின்றன. மணமாகாமையும் வருவாய் இன்மையும் முப்பதைத் தொட்ட அகவையும் ஒருங்கு வந்து ஒருத்தியை நெருக்குங்கால், சாவும் அவற்றோடு சேர்ந்த மற்றொரு தொல்லையாகவே சொல்லப்படுகின்றது. சாவைச் சிறிதாக்குதலால் நகை பிறக்கின்றது. வேலையின்மையோ சாவுக்கு நிகராகப் பெரிதாக்கப்படுகின்றது. அதனை நகையின் ஊடே படிப்போர் உணர்கின்றனர். இவ்விருபுறப் பெருக்கமும் சுருக்கமும் இல்லாவிடின் பெட்சியின் காலணி வெறும் அற்பப் பேச்சாக முடிந்திருக்கும்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். கெரலின் ஸ்பார்க்ஸ் 2005-இல் எழுதிய கதையில் செல்வமிக்க காட்டேரி ஒன்று கோரைப்பல்லை இழந்து இரவில் பல்மருத்துவரிடம் ஓடுகின்றது. அம்மருத்துவர் குருதி கண்டால் மயங்கும் இயல்பினர். லின்சே சாண்ட்ஸ் 2003-இல் எழுதிய 'சிங்கிள் வைட் வாம்பயர்' என்னும் நூல் இன்னும் நுட்பமானது. அதன் தலைவன் தன் காட்டேரிக் குடும்பத்தின் உண்மை வரலாற்றை எழுதுகின்றான். பதிப்பகத்தார் அதனைக் காதற்புனைவு எனக் கொண்டு வெளியிடுகின்றனர். நூல் பெருவிற்பனை காண்கின்றது. பதிப்பாசிரியையோ காதற்புதின வாசகியர் மாநாட்டுக்கு அவனை இழுத்துச் செல்கின்றாள். ஈண்டு எள்ளப்படுவோர் வாசகியரும் ஆவர். ஆயினும் அவர்கள் சினப்பதில்லை. எள்ளப்பட்டவழித் தாமே நகும் வகை இதுவே.

ஆடவர் எழுதியவற்றுள் கிறிஸ்டபர் மூரின் 'பிளட்சக்கிங் ஃபீண்ட்ஸ்' 1995-இல் வந்தது. இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இதன்கண் காட்டேரி பெண்; பெயர் ஜோடி. சான்பிரான்சிஸ்கோவில் அங்காடி ஒன்றில் இரவுப்பணி புரியும் டாமி, எழுத்தாளன் ஆகும் கனவினன். பகலில் விழித்திருக்க இயலாத ஜோடிக்கு வீடு பார்த்தல், துணி வெளுத்தல் முதலிய பணிகளை அவன் ஏற்கின்றான். தான் படித்த புதினங்களை நம்பி, அவளால் புகையாக மாற முடியுமா, நீரைக் கடக்க முடியுமா என வரிசையாகச் சோதிக்கின்றான். வலிமை அவளிடம், வீட்டுவேலை அவனிடம். வலியோர் வெளியிற் செல்ல மெலியோர் துணி வெளுக்கும் முறை பால்மாறி வந்தவுடன் நகைப்புக்கு உரியதாயிற்று. பால்மாறாவிடத்து அதனை எவரும் நகைப்பதில்லை என்பதையும் ஈண்டு எண்ணுக.

இவற்றை 2005-இல் வந்த ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' என்னும் பெரும்புகழ்ப் புதினத்தோடு ஒப்பிட்டால் நகையின் தொழில் விளங்கும். அங்கும் காட்டேரித் தலைவன், மானிடத் தலைவி. ஆயின் காதல் ஏறத்தாழ முழுதும் வியப்பும் உருக்கமுமாகச் செல்லும். தலைவன் தலைவியின் அறையுள் அவள் அறியாது புகுந்து, உறங்குங்கால் நோக்கியிருக்கின்றான். அதனைக் காதலின் ஆழத்துக்குச் சான்றாகவே கதை வைக்கின்றது. நூறாண்டு அகவையும் பேராற்றலும் உடையவன் பதினேழு அகவைப் பெண்ணை இங்ஙனம் காவல் செய்வதைத் திறனாய்வாளர் பலர் கடிந்தனர். அக்கடிதல் தகும் என்பதே என் கருத்து. சூக்கியோ பெட்சியோ அந்நிலையில் இருந்திருப்பின் முதலில் நகைத்திருப்பர். பின்னர்ச் சன்னலைச் சாத்தியிருப்பர். ஆற்றலால் ஒவ்வாத இருவரிடைக் காதல் நிகழுங்கால், மெலியார்க்கு உள்ள ஒரே படை எள்ளல். தன்னைக் கொல்லவல்லவனைப் பார்த்து நகைக்கும் உரிமை தலைவிக்கு உண்டாயின் அவள் அவனுக்கு நிகராவாள். அவ்வுரிமையை அவன் பொறுத்துக்கொள்கின்றானா என்பதே இப்புதினங்களில் காதலனுக்கு வைக்கப்படும் தேர்வு. எள்ளப்பட்டவுடன் சினக்கும் காட்டேரி கதையின் பகைவன். நாணி நகைப்பவன் தலைவன்.

அமெரிக்க அறிஞர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வில், காதற்புதினம் படிக்கும் மகளிரை நேரிற் கண்டு வினவினார். கணவர்க்கும் மக்கட்கும் ஓயாது பணிசெய்யும் தமக்கு, நூலைக் கையில் எடுக்கும் பொழுது ஒன்றே தமக்கென வாய்த்த பொழுது என்பது அம்மகளிர் தந்த விடையின் சாரம். அவ்வாறு படிப்பதன்பொருட்டு அவர்கள் குற்றவுணர்வு கொண்டமையையும் அவர் எடுத்துக்காட்டினார். நகைச்சுவைப் புதினம் இக்குற்றவுணர்வுக்கு ஒரு விடை தருகின்றது. நூலே தன்னைத்தான் எள்ளிக்கொள்ளுதலின், புறத்தார் எள்ளலுக்கு முன்னரே வழி அடைபடுகின்றது. வாசகி, 'யான் இதனை நம்பிப் படிக்கவில்லை, விளையாட்டாகப் படிக்கின்றேன்' என்று கூறிக்கொள்ளலாம். கூறிக்கொண்டே உருகவும் செய்யலாம். உறை நூலின் உள்ளேயே தைக்கப்பட்டுவிட்டது எனலாம்.

நம் இலக்கியத்தில் இக்கூட்டு உண்டோ எனின், முழுதாக இல்லை, உறுப்புகள் உண்டு. அணங்கு என்னும் சொல்லே அச்சத்தையும் காதலையும் ஒருசேரத் தாங்குவது. வருத்தும் தெய்வத்துக்கு வழங்கும் அச்சொல் தலைவனை வருத்தும் தலைவியின் அழகுக்கும் வழங்கும். திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் அதிகாரம் தகையணங்குறுத்தல் எனப் பெயர்பெறுவதும் இதுபற்றியே. காதலித்தவளே தாக்கும் தெய்வமோ என மயங்கும் தலைவனின் நடுக்கம் ஆங்குப் பாட்டாயிற்று. நகை அங்கு இல்லை. நகையைக் காணவேண்டின் வெறியாட்டுத் துறைக்குச் செல்லல் வேண்டும். தலைவியின் மெலிவு காதலால் வந்தது. தாயோ முருகன் அணங்கியது என்று வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள். நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி, இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்துவைத்தும் வேலன் வேண்ட அக்களத்துக்கு வந்த முருகனை, கடவுளேயாயினும் அறியாமையுடையை என்று எள்ளுகின்றாள். காதல், அணங்கு, எள்ளல் மூன்றும் ஆங்கு ஒன்றாயின. காதற்பெண்ணின் பக்கத்து நின்று தெய்வத்தையே நகைக்கும் அத்தோழியின் குரல் சூக்கியின் குரலுக்கு வெகு தொலைவினது அன்று. வேறுபாடு யாதெனின், அங்கு அணங்கு காதலன் அல்லன். காதலன் செயலுக்குப் பழியேற்பவன்.

பேயை நகைத்தலில் கலிங்கத்துப்பரணிக்கு இணையில்லை. கூழ் அட்டு உண்ணும் பேய்களுக்குள்ளும் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் எனப் பிரிவு வகுத்துச் சயங்கொண்டார் நகைவிளைத்தார். காட்டேரிக்கு மின்தொழிலாளரைத் தேடித்தரும் ஹாரிஸின் முறையும் இதுவே. பேயுலகில் மனிதர் ஏற்பாடுகளைப் புகுத்துதல். பரணியின் கடைதிறப்பில் காதலும் உண்டு. ஆயினும் கடைதிறக்கும் மகளிரும் கூழடும் பேய்களும் ஒருவரையொருவர் காண்பதில்லை. பேய் மனைவியாக வந்த கதை நம்மிடை ஒன்று உண்டு. அது பழையனூர் நீலியின் கதை. கொல்லப்பட்டவள் பேயாகி, வணிகனின் மனைவிபோல் வந்து, அவையோர்முன் அழுது அவன் உயிரைக் கொண்டாள். நீலிக் கண்ணீர் என்னும் வழக்கு இன்றும் உளது. பேயொடு இல்லறம் என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது அவ்வச்சமே. அக்கதையை நகைபடத் திருப்பி எழுத எவரும் துணியாமைக்கு, அவ்வூரில் உயிர்துறந்தோராகச் சொல்லப்படும் எழுபது வேளாளர் நினைவும் ஒரு காரணம் ஆகலாம்.

இவ்வகைப் புதினங்களின் குறைகளையும் மறைத்தல் கூடாது. செயற்கைக் குருதி என்னும் ஏற்பாடு ஒருவகையில் ஏமாற்று. கொல்லவேண்டிய தேவை நீங்கியபின் காட்டேரியின் காதலில் இடர் என்ன எஞ்சும்? நகைக்கப்படுவதற்கு முதலில் அஞ்சத்தக்கது ஒன்று நிற்றல் வேண்டும். தொடர் நீள நீளப் பல ஆசிரியர் கையில் அச்சம் வற்றி, நகை வெறும் பழக்கமாகி, கடைப்பொருட் பெயர்களை அடுக்குதலே நகைச்சுவை என்றாகின்றது. பெட்சியின் காலணி முதல் நூலில் பொருள் உடையது. பின்னைய நூல்களில் அது காலணி மட்டுமே. கிளாரிமோந்து எடுத்த சில துளிகளில் இருந்த நடுக்கம் இவற்றுட் பலவற்றில் இல்லை.

ஹாரிஸ் ஒருவாறு இதனின் தப்பினார். பதின்மூன்று புதினங்களாக நீண்ட அவர் தொடர் 2013-இல் முடிந்தது. ஈற்றில் சூக்கி சேர்வது பில்லோடும் அன்று, இடையே வந்த பிறிதொரு காட்டேரியோடும் அன்று. தான் பணிசெய்த மதுக்கடையின் உரிமையாளனாகிய சாமோடு. அவன் விலங்காக உருமாறும் ஆற்றலுடையவன் எனினும் உயிருள்ளவன், பகலில் நடப்பவன், நெடுநாளாக அவள் எள்ளலுக்குப் பழகியவன். வாசகியர் பலர் இதனைப் பொறாது ஆசிரியரைக் கடிந்து எழுதினர். முதல் நூலில் அவள் வேண்டியது ஓசையற்ற உள்ளம். பதின்மூன்றாம் நூலில் அவள் கொண்டது பகல்வெளிச்சத்தில் உடன்நின்று கடையைத் திறப்பவனை. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் அவளொடு உடன்வந்தவர்களிற் பலர் இரவை விட்டு வெளிவர இன்னும் விரும்பவில்லை என்றே அக்கடிதங்கள் காட்டுகின்றன.